ஜிப்லைன் ரத்த விநியோகம்: ட்ரோனைவிடக் கிடங்குக்குத்தான் மார்க் அதிகம்

தனியார் முதலீட்டில் வளர்ந்த அமெரிக்க நிறுவனமான ஜிப்லைன், ருவாண்டாவின் முஹாங்காவில் 2016 அக்டோபரில் ட்ரோன் வழி ரத்த விநியோகத்தைத் தொடங்கியது. கட்டணத்தைக் கட்டுவது ருவாண்டா அரசு.

ஆஸ்பத்திரி போனிலோ வாட்ஸ்அப்பிலோ ரத்தம் கேட்கிறது. பையைப் பெட்டியில் அடைத்து, கவண் மாதிரியான ஏவியில் ட்ரோனை எறிகிறார்கள். மணிக்குச் சுமார் 100 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. வரை போய்த் திரும்பும். ஆஸ்பத்திரியில் அது இறங்குவதே இல்லை. தாழப் பறந்து பாராசூட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிடும். இரண்டு கார் நிற்கும் இடம் போதும். ஓடுபாதை, சார்ஜர், பயிற்சி பெற்ற ஆள் எதுவும் ஆஸ்பத்திரி தலையில் விழாதது நல்ல வடிவமைப்பு.

ஆனால் உண்மையான லாபம் வேறிடத்தில் இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட் 20-24 டிகிரியில், ஓயாமல் அசைத்துக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான் தாங்கும். சிறிய ஆஸ்பத்திரி வாங்கி வைத்தால் வீணாகும். வைக்காவிட்டால் தேவைப்படும் நேரத்தில் இருக்காது. அரிய ரத்தவகைக்கும் இதே சிக்கல். எல்லாருக்குமாக ஒரே கிடங்கில் வைத்து, கேட்டபோது அனுப்பினால் இரண்டும் தீரும். 2022-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்த ருவாண்டா ஆய்வுப்படி ரத்தம் காலாவதியாவது 67 சதவீதம் குறைந்தது. சாலையைவிடச் சராசரியாக 79 முதல் 98 நிமிடம் மிச்சம்.

குறைகளும் உண்டு. ஒரு நடைக்கு ஒன்றே முக்கால் கிலோதான், அதாவது இரண்டு மூன்று பைகள். பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் அடுத்தடுத்து அனுப்பியாக வேண்டும். ரத்தவகையும் பொருத்தமும் பார்க்கும் பரிசோதனை ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். லேப் ஆள் இரவில் இல்லையென்றால் வானத்தில் மிச்சம் பிடித்த நேரம் தரையில் போய்விடும். தானம் குறைந்தாலும் ட்ரோன் ஒன்றும் செய்யாது.

கானாவில் 2018-இல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அடிப்படை வசதிகளே போதாத ஆரம்ப சுகாதார நிலையங்களை விட்டுவிட்டு இதற்கா செலவு என்று மருத்துவர் சங்கம் எதிர்த்தது. கேள்வி நியாயமானதுதான். 2019 ஏப்ரலில் ஓமெனாகோவில் முதல் தளம் திறந்தது.

நல்ல சாலை உள்ள, ரத்த வங்கிக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு இது ஆடம்பரம். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதற்கு இதுவே வழி. கையெழுத்துப் போடுமுன் அரசு பார்க்க வேண்டியவை: தளத்துக்கு மாத வாடகையா, நடைக்கு இவ்வளவா, 80 கி.மீ. வட்டத்துக்குள் தூரத்து ஆஸ்பத்திரிகள் எத்தனை வருகின்றன.