பெரும்படையா, பராமரிக்கக்கூடிய படையா? ஆப்கானிஸ்தானும் சியரா லியோனும்

வெள்ளவத்தையில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், நலிந்த அரசுகளுக்கு வெளிநாடுகள் இராணுவம் கட்டிக்கொடுப்பது பற்றிய விவாதத்தில் ஏதேனும் ஒரு தரப்பில் நின்று பேச வேண்டியிருந்தது. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா கைக்கொண்ட பெரும்படை வழி ஒன்று. மேற்கு ஆபிரிக்க நாடான சியரா லியோனில் பிரித்தானியா கைக்கொண்ட சிறுபடை வழி மற்றொன்று. நான் இரண்டாவதைத் தெரிவுசெய்தேன்.

ஊழலும் இனப்பூசலும் எங்கும் உள்ளவைதான். சம்பளம் எடுப்பதற்காகப் பட்டியலில் மட்டும் இருக்கும் பெயரளவுச் சிப்பாய்களும் புதிதல்லர்: ஈராக்கின் மோசுல் நகரம் ஐ.எஸ். அமைப்பிடம் வீழ்ந்த 2014 ஆம் ஆண்டிலேயே, ஈராக் படையின் சம்பளப் பட்டியலில் அத்தகையோர் 50,000 பேர் இருந்ததாகப் பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆகவே இவற்றை வைத்து ஒரு வழியைத் தள்ளிவிட முடியாது. என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு.

ஆப்கான் படைகளுக்கு அமெரிக்கா 80 பில்லியன் டொலருக்கும் அதிகமாகச் செலவிட்டது. சோவியத் காலத்திலிருந்தே அந்நாட்டு விமானப்படைக்குப் பழக்கப்பட்டிருந்த மி-17 ஹெலிகொப்டர்களின் பராமரிப்பில் பெரும்பகுதியை ஆப்கானியத் தொழில்நுட்பவியலாளர்களே செய்துவந்தனர். ஆனால் ரஷ்யாவிடம் கொள்வனவு செய்வதை வாஷிங்டன் விரும்பாததால், 2017 முதல் அமெரிக்கத் தயாரிப்பான பிளாக் ஹோக் ஹெலிகொப்டர்கள் அவற்றின் இடத்துக்கு வரத் தொடங்கின. அவற்றைப் பழுதுபார்க்க வெளிநாட்டு ஒப்பந்தப் பணியாளர்களை நம்பியிருக்க வேண்டியதாயிற்று. 2020 பெப்ரவரியில் அமெரிக்காவும், ஆப்கான் அரசை எதிர்த்துப் போரிட்ட தலிபானும் கைச்சாத்திட்ட தோஹா உடன்படிக்கையோ துருப்புகளோடு அந்தப் பணியாளர்களும் வெளியேற வேண்டும் என்றது. அவர்கள் 2021 இல் புறப்பட்டதும் விமானங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் முடங்கின; வான்வழி விநியோகத்தை நம்பியிருந்த தொலைதூர முகாம்கள் வெடிமருந்தும் உணவும் கிடைக்காமல் சரணடைந்தன; ஓகஸ்ட் 15 அன்று காபூல் தலிபானிடம் வீழ்ந்தது. படையினரின் மனவுறுதி குலைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், 2022 இல் டொலர் தீர்ந்து எரிபொருள் வரிசைகளில் நின்ற கொழும்புவாசிகளுக்கு, இறக்குமதியை நம்பி ஓடும் எதுவும் எவ்வளவு விரைவில் நின்றுபோகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சியரா லியோனில் பிரித்தானியா 2000 இல் தலையிட்டது. உள்நாட்டுப் போர் 2002 ஜனவரியில் முடிந்தது. அதன் பின்னரும் பிரித்தானியா தலைமையிலான பயிற்சிக் குழு 2013 வரை தங்கியிருந்தது. அதன் அதிகாரிகள் பயிற்சி மைதானத்தோடு நின்றுவிடாமல் பாதுகாப்பு அமைச்சிலும் அமர்ந்து, சம்பளம், பதவி உயர்வு, களஞ்சியக் கணக்கு போன்ற சலிப்பூட்டும் வேலைகளைச் சேர்ந்தே பார்த்தனர். படையைப் பெருக்குவதற்கு மாறாக, நாட்டின் வருமானத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 8,500 பேராகக் குறைத்தார்கள். முன்னர் பலமுறை ஆட்சியைக் கைப்பற்றிய அதே இராணுவம், 2007 தேர்தலில் எதிர்க்கட்சி வென்றபோது முகாமைவிட்டு வெளியே வரவில்லை.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. 2023 நவம்பரில் சியரா லியோனின் தலைநகர் ஃபிரீடவுனில் ஆயுததாரிகள் படைமுகாம் ஒன்றைத் தாக்கினர்; அதனை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி என்று அரசாங்கம் கூறியது. தவிர, பிரித்தானியர் நிதானமாக வேலை செய்ய முடிந்ததற்குக் கிளர்ச்சிக்காரர் தோற்றிருந்ததும், ஐ.நா. அமைதிகாப்புப் படையினர் ஆயிரக்கணக்கில் அங்கு நின்றதும் முக்கிய காரணங்கள். எல்லைக்கு அப்பால் புகலிடம் கொண்ட தலிபான் போன்ற எதிரி நாள்தோறும் தாக்கும் சூழலில் சிறுபடை தாக்குப்பிடிக்கும் என்று என்னால் உறுதிகூற முடியாது. அங்கேயும் மி-17களை மாற்றாமல் விட்டிருக்கலாம் என்ற அளவுக்கு மட்டும் தயக்கமின்றிச் சொல்வேன்.