12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர்: ஊட்டியில் வாங்குமுன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

சிசிடிவிக்கென்று ஊட்டிக் கடைகளில் 450 ரூபாய் வாக்கில் விற்கும் கறுப்பு அடாப்டர் இது. எல்லாரும் ஆம்பியரைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். மலையில் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, லேபிள் மூலையில் இருக்கும் குட்டி மலைச் சின்னத்தை. அதில் 2000 மீட்டர் என்றிருந்தால் அந்த உயரம் வரைக்கும்தான் பொறுப்பு. ஊட்டி சுமார் 2240 மீட்டர். கொடைக்கானலும் 2000-ஐத் தாண்டிவிட்டது. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. காற்று மெலிய மெலிய, உள்ளே 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் விட்ட இடைவெளியை மின்சாரம் தாண்டுவது சுலபமாகிறது. சூடும் சரியாக இறங்காது. இந்த அடாப்டரில் 5000 மீட்டர் சின்னம் உண்டு, ஐஎஸ் 13252 என்ற இந்தியப் பாதுகாப்புத் தரத்தின் பதிவு எண்ணும் உண்டு. அதே கடையில் 150 ரூபாய்க்குத் தொங்குவதில் இரண்டும் இல்லை.

லோடு இல்லாமல் 12.2 வோல்ட் காட்டியது. லோடுக்கு மாட்டியது கார் இண்டிகேட்டர் பல்பு, 21 வாட், ஒன்றுக்குச் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். இரண்டை ஒரு மணி நேரம் எரியவிட்டும் 11.9-க்குக் கீழே போகவில்லை. மேல்மூடி கை பொறுக்கும் சூடுதான். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று அணைகிறது. பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். குளிர்ந்த இழை முதல் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுப்பதால் ஓவர்லோடு பாதுகாப்பு வேலை செய்கிறது. ஒன்று எரிந்தபின் அடுத்ததை மாட்டினால் சரியாகிவிடும். ஆனாலும் நிரந்தர லோடை 4 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிசி பின்னின் வெளிவிட்டம் 5.5, நடுத்துளை 2.1 மில்லிமீட்டர். சாதனத்தின் நடுக்கம்பி 2.5 என்றால் உள்ளேயே போகாது. தலைகீழாக, 2.5 பின்னை 2.1 சாக்கெட்டில் செருகினால் போய்விடும், அதுதான் வம்பு: லொடலொடத்துப் பொறி தட்டி, சாக்கெட் கருகும். மாட்டுமுன் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையைத் துளைக்குள்ளும் கறுப்பை வெளி உலோகத்திலும் தொடுங்கள். மைனஸ் குறி வராவிட்டால் நடுவில் பாசிட்டிவ். கேமரா, ரௌட்டரெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். கிட்டார் பெடல் நேர்மாறு, அதுவும் 9 வோல்ட். சுவிட்சை அணைத்து, டிசி பின்னைச் செருகி, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

பகலில் ஓடும் கேமரா ராத்திரியானால் அணைந்து அணைந்து வருகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி அடாப்டர் அல்ல, வயர். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 15 மீட்டர் போய்த் திரும்பினால் சுமார் 2.6 ஓம். கேமராவின் இரவு விளக்கு எரிந்து 0.5 ஆம்பியர் இழுக்கும்போது 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 0.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான்.

தகரக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டாம். விடியற்காலையில் தகரத்தில் கோக்கும் நீர் நேராக அதன்மேல்தான் சொட்டும். உள்சுவரில், இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

மட்டமானது உடன் வரும் ஏசி கேபிள். இரண்டே பின், நூல் மாதிரிக் கம்பி. கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று பின் கேபிள் அப்படியே பொருந்துகிறது. அதை மாட்டிவிட்டு, உடன் வந்ததைத் தூக்கிப் போடலாம்.