வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடை: ஓராண்டு அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடை நெரிசலைத் தாண்டி உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருக்கும் சிறிய மருந்துக் கடையைப் பற்றியது இந்த விமர்சனம். குறைகளையும் சொல்லவிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் மருந்துக் கடை அது ஒன்றுதான்.

என் அக்காவின் மகனுக்கு ஆறு வயதில் இடது கண்ணின் மேலிமை வீங்கியது. முதலில் காட்டிய கிளினிக்கில் கண்கட்டி என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு வாரத்துக்குள் விழி முன்னே தள்ளிக்கொண்டு வந்தது. எம்.ஆர்.ஐ., பயாப்ஸி எல்லாம் முடிந்து வந்த அறிக்கையில், தசை உயிரணுக்களை அடையாளம் காட்டும் புரதங்களான டெஸ்மின், மயோஜெனின் இரண்டும் பாசிட்டிவ். நோயின் பெயர் ராப்டோமயோசர்கோமா. எலும்புத் தசையாக வளர வேண்டிய இளம் உயிரணுக்களிலிருந்து கிளம்பும் புற்றுநோய் அது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு மூன்று அளவுக்கே இதன் பங்கு. அதில் எம்பிரியோனல் என்ற வகை, கண்குழியைத் தாண்டிப் பரவவில்லை, இந்த நிலையில் பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு மேல் பிழைத்துவிடுகிறார்கள் என்று மருத்துவர் சொன்ன கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா அந்த ஓராண்டை ஓட்டினாள்.

வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்துகளையெல்லாம் மருத்துவமனையிலேயே ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பின் அவற்றின் பக்கவிளைவுகளைச் சமாளிக்கும் மருந்துகளை வாங்குவது என் பொறுப்பாயிற்று. வின்கிரிஸ்டின், எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் பூக்கிற அதே நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. அது குழந்தையின் குடலை மந்தமாக்கி நாள்கணக்கில் மலச்சிக்கலில் தள்ளும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதற்கு லாக்டுலோஸ் சிரப், வாந்திக்கு ஆன்டான்செட்ரான், சைக்ளோபாஸ்பமைடு சிதைந்து உண்டாகும் அக்ரோலின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்காமல் காக்க மெஸ்னா மாத்திரை என்று பட்டியல் நீளும்.

இவற்றில் கடையின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது பில்கிராஸ்டிம் ஊசி. கீமோ முடிந்து ஒரு நாளாவது கழித்து, வெள்ளணுக்கள் ஏறுவதற்காகத் தினமும் தோலுக்கடியில் போடுவது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலும் ஆகாது, உறைந்தாலும் ஆகாது. வேறொரு கடையில் மே மாதத்து நண்பகலில் இதை வெறும் பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இந்தக் கடைக்காரரோ தெர்மக்கோல் பெட்டியின் அடியில் ஐஸ் பொட்டலத்தை வைத்து, அதன்மேல் தினத்தாளை நான்காக மடித்துப் பரப்பி, அதற்கும் மேலேதான் ஊசியை வைத்தார். ஐஸ் நேரே பட்டால் உறைந்துவிடும் என்பதற்காக அந்தத் தாள். "குலுக்காம எடுத்துட்டுப் போங்கக்கா, வீட்ல பிரிட்ஜ் கதவுல வைக்காதீங்க, நடுத்தட்டுல வைங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நான்காம் முறை எனக்குச் சற்று எரிச்சலாகக்கூட இருந்தது. கடையின் பிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி தொங்குகிறது. மின்வெட்டின்போது அந்தப் பிரிட்ஜ் மட்டும் இன்வெர்ட்டரில் ஓட, அவர் வியர்த்தபடி விசிறிக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மாலை பையனுக்கு உடம்பு கொதித்தது. பாராசிட்டமால் சிரப் வாங்க ஓடினேன். அவர் தர மறுத்துவிட்டார். கீமோவில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் 101 தொட்டால் மருந்தால் அதை அமுக்கி மறைக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று சொல்லி, எனக்காக ஆட்டோவையும் அவரே நிறுத்தினார். அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபிலின் எண்ணிக்கை ஐந்நூறுக்கும் கீழே இருந்தது. ஒரு வாரம் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியிருந்தது. விற்பனையை இழந்து கிடைத்த அந்த ஆலோசனைக்காகவே நான் வேறு கடைக்கு மாறவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கடை மூடிவிட்டால் போனையும் எடுப்பதில்லை; புற்றுநோய்ப் பிள்ளை உள்ள வீட்டுக்கு ஞாயிறு இரவு என்று தனியாக ஒன்று கிடையாது என்பதை அவரிடம் நேரிலேயே சொன்னேன், சிரித்தார், மாறவில்லை. பில்லில் பேட்ச் எண் எழுத இரண்டு முறை மறந்ததால் அக்கா கணவரின் அலுவலகம் செலவுத் தொகையைத் திருப்பித் தராமல் காகிதத்தைத் திருப்பியனுப்பியது. வெவ்வேறு கம்பெனியின் ஒரே ஊசிக்கு விலை பெரிதும் மாறுகிறது. மலிவானது எது என்று நாம் கேட்டால்தான் எடுத்துக் காட்டுகிறார், தானாகச் சொல்வதில்லை.

மெஸ்னாவை அவர் இருப்பில் வைப்பதில்லை, இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். தெர்மக்கோல் பெட்டிக்கு நாற்பது ரூபாய் வாங்குகிறார். உடையாமல் திருப்பிக் கொடுத்தால் கேட்காமலேயே பணத்தைத் தந்துவிடுகிறார்.