ப்ளம் வில்லேஜ் ஆப்: காசு கேக்காத தியான ஆப்

தியான ஆப்னாலே கொஞ்ச நாள் ஃப்ரீ, அப்புறம் கார்டு நம்பர் குடுங்கன்னுதான் இருக்கும். இது முழுசும் ஃப்ரீ, நன்கொடைலதான் ஓடுது. வியட்நாம் புத்த பிக்கு திக் நாட் ஹானும், அவரோட சேர்ந்து வேலை செஞ்ச பிக்குணி சிஸ்டர் சான் காங்கும் 1982ல பிரான்ஸ்ல ஆரம்பிச்ச ப்ளம் வில்லேஜ் மடத்தோட ஆப். வியட்நாம் போரை நிறுத்துங்கன்னு பேச 1966ல நாட்டை விட்டு வெளிய போன திக் நாட் ஹானை 2005 வரைக்கும் ஊர் திரும்ப விடல, அந்த வருஷமெல்லாம் மேற்கத்திய நாட்டுக்காரங்களுக்கு தியானம் சொல்லிக் குடுத்துட்டே இருந்தாரு.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த மணி. எவ்ளோ நேரத்துக்கு ஒரு தடவை அடிக்கணும்னு நாமளே செட் பண்ணிக்கலாம், அடிச்சா கைவேலையை விட்டுட்டு மூணு மூச்சு, அவ்ளோதான். மடத்துலயும் இதே வழக்கம்தான், பேசிட்டு இருந்தாலும் சாப்பிட்டுட்டு இருந்தாலும் மணி கேட்டா எல்லாரும் நிறுத்திடுவாங்க. கோவமா ஒரு மெயிலுக்கு பதில் டைப் பண்றப்ப இது அடிச்சா விரல் தானா நின்னுடுது, அனுப்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை படிச்சுப் பாக்கறேன்.

1979ல அமெரிக்காவுல ஜான் கபாட்-ஜின்ங்கற விஞ்ஞானி மதத்தை எடுத்துட்டு தியானத்தை மட்டும் ஒரு கோர்ஸா ஆஸ்பத்திரிக்குள்ள கொண்டு வந்தாரு, வலியோட இருந்தவங்களுக்கு அது பெரிய உதவி, அதை நான் குறை சொல்லல. ஆனா அதுக்கப்புறம் வந்த நிறைய ஆப்ல டென்ஷன் குறையும், நல்லா தூங்கலாம், இதோட முடிஞ்சிடுது, எப்படி நடந்துக்கணும்ங்கற பேச்சே இல்ல. திக் நாட் ஹான் பஞ்சசீலத்தை, அதாவது புத்த மதத்தோட அஞ்சு ஒழுக்க விதிகளை, விடல, இன்னிக்கு வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி திருப்பி எழுதுனாரு. அஞ்சாவது சீலம் குடிக்காதேன்னு மட்டும் நிக்காம சில வெப்சைட், கேம்ஸ், டிவி ப்ரோக்ராம், வீண் பேச்சு வரைக்கும் போகுது, மனசுக்குள்ள போறதும் சாப்பாடுதான்ங்கறாரு. கட்டிப்பிடிக்கிற தியானம்னு கூட ஒண்ணு உண்டு, 1966ல அட்லாண்டா ஏர்போர்ட்ல அவரை வழியனுப்ப வந்த ஒரு தோழி பிக்குவை கட்டிப்பிடிக்கலாமான்னு கேட்டதுல இருந்து வந்தது. சம்பிரதாயத்துல இல்லாத விஷயம், ஆனா மூச்சைக் கவனிக்கிறது அதுலயும் இருக்கு, அதனாலதான் அவர் பண்ண மாத்தங்களை என்னால நம்ப முடியுது.

ஸ்கோர், போட்டின்னு எதிர்பாக்கறவங்களுக்கு இது ஒத்து வராது. அவர் பேச்சும் ரொம்ப நிதானம், அவசரத்துல கேக்காதீங்க. புதுசா இறக்கறவங்க உக்காந்து பண்ற தியானத்துக்கு முன்னாடி படுத்துக்கிட்டு கேக்கற டீப் ரிலாக்ஸேஷனைப் போட்டுப் பாருங்க, பகல்ல மணியை மட்டும் ஆன்ல வைங்க. என் மார்க் 5க்கு நாலரை.