நெத்தோலிக்குப் பக்கத்தில் உறைந்த பேனா

மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். முதல் வாரம் முழுக்க மார்த்தாண்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே பஸ்ஸிலேயே போய்விட்டது. பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பும்போது அம்மாவுக்கு ‘தேய்மானம்’ என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். எங்களைக் கவிழ்த்ததே அந்தச் சொல்தான். முட்டு தேய்ந்தாலும் தேய்மானம், எலும்பு உள்ளுக்குள் சல்லடையாகும் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) வந்தாலும் தேய்மானம். களியக்காவிளை தாண்டி மலையாளத்தில் கேட்டாலும் அதே தேய்மானம்தான். அதனால் ஐந்து வருடமாக அம்மா முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டும் கால்சியம் மாத்திரை விழுங்கிக்கொண்டும் இருந்திருக்கிறார். ஒருநாள் கிணற்றடியில் அரைக்குடம் தண்ணீரைத் தூக்கியபோது நடுமுதுகில் சடக்கென்று ஏதோ ஆனது. வழுக்கவில்லை, விழவில்லை, சும்மா தூக்கியதுதான்.

அதற்கு முந்தைய மாதம்தான் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச எலும்பு முகாமில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, ‘கொஞ்சம் குறைவு’ என்று சொல்லி இரண்டு டப்பா கால்சியம் பவுடரை விற்றிருக்கிறார்கள். குதிகால் அல்ட்ராசவுண்டை மட்டும் வைத்து எலும்புப்புரை இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இதை அங்கே யாரும் சொல்லவில்லை. பவுடரின் விலையை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

வலி வந்ததும் மாமா அம்மாவை வர்ம ஆசானிடம் கூட்டிப் போயிருக்கிறார். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. நொறுங்கிய முள்ளெலும்பைப் பிடித்து நீவினால் என்ன ஆவது? ஆனால் அந்த ஆசான் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது என் கைக்குள்ள சோலி இல்ல, படம் எடுத்துட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டாராம். இந்தப் பயணத்தில் நான் கேள்விப்பட்டதிலேயே உருப்படியான முதல் மருத்துவ ஆலோசனை அதுதான்.

எக்ஸ்ரேயில் டி12, அதாவது நெஞ்சுப்பகுதி முள்ளெலும்புகளில் கடைசியானது, ஆப்பு மாதிரி ஒருபக்கம் அமுங்கியிருந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்குத் திருவனந்தபுரம் போனோம். ஊசி, குகை மாதிரி மெஷின் எதுவும் இல்லை. கட்டிலில் படுத்தால் மேலே ஒரு கை நகர்ந்து போகிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆரோக்கியமான இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. அம்மாவுக்கு இடுப்பில் மைனஸ் 2.9, முதுகில் மைனஸ் 3.4. அடுத்த முறையும் இதே மெஷினில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும் என்று டெக்னீஷியன் பில்லின் பின்பக்கத்தில் மெஷின் பெயரை எழுதிக் கொடுத்தார். கேட்காமலே செய்த உதவி.

ஹார்மோன் டாக்டர் மலையாளி. அம்மாவிடம் தமிழ் கலந்து பேசினார். மருந்தைப் பற்றி நான் கேட்க ஆரம்பிக்கும் முன்பே அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். “அம்மே, காலையில் எழுந்ததும் ஆத்யம் என்ன குடிக்கும்?” கட்டங்காப்பி. “பின்னே?” கொஞ்ச நேரம் படுப்பேன். எலும்பு கரைவதைத் தடுக்க வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை அத்தோடு கழிந்தது. அதை வெறும் வயிற்றில் பச்சைத் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரமாவது சாயாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு நெஞ்செரிச்சலும் உண்டு. அதே வேலைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி எனக்கு வசதியாகத் தோன்றியது. நான் ஊருக்கு வரும்போது போட்டுக்கொள்ளலாமே என்றேன். டாக்டர் வேண்டாமென்று தலையாட்டினார். தவணை தவறினாலோ, வேறு மருந்துக்கு மாற்றாமல் நிறுத்தினாலோ, கூடிய எலும்பு வேகமாகக் கரைந்து முள்ளெலும்புகள் வரிசையாக உடையக்கூடும். “நிங்கள் டிக்கெட் கிடைக்காமல் இரண்டு மாசம் தாமதிச்சால்?” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எலும்பு கரைவதை மட்டும் நிறுத்தும் மருந்து இந்த முதுகுக்கு இப்போது போதாது, முதலில் புது எலும்பைக் கட்ட வேண்டும் என்றார். அப்படிக் கட்டும் ரோமோசோசுமாப் ஊசி பற்றி நான் படித்திருந்தேன். அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதால் அது வேண்டாம் என்றார். மிஞ்சியது டெரிபாரடைடு. பேனா மாதிரி ஒரு குழலில் வரும். தினமும் 20 மைக்ரோகிராம், இன்சுலின் மாதிரி தொடையிலோ வயிற்றிலோ நாமே போட்டுக்கொள்ளலாம். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு துண்டுதான் இது. அந்த ஹார்மோன் உடம்பில் எந்நேரமும் மிகுந்து கிடந்தால் எலும்பைத் தின்னும். தினம் ஒருமுறை சிறிதளவு ஏறி இறங்கினால் அதே எலும்பைக் கட்டும். இப்படி ஒரு குணம். மருந்து எழுதுவதற்கு முன் கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு, சிறுநீரகம் எல்லாம் சோதித்தார்கள். சிறுநீரகக் கல், புற்றுநோய், கதிர்வீச்சு சிகிச்சை ஏதாவது உண்டா என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

“வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டோ, கரண்ட் போகுமோ, ஊசி யார் போடும்?” இதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. எனக்கு இதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

நர்ஸ் ஒரு தலையணையில் ஊசி போட்டுக் காட்டி, பிறகு அம்மாவையே செய்யவைத்தார். புது ஊசியை மாட்டி, அளவைத் திருகி, குத்தி, அமுக்கி, மெதுவாக ஐந்து வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் பேனாவை ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும். முதல் சில நாள் தலை சுற்றலாம் என்பதால் உட்கார்ந்தே போட வேண்டும். அம்மா இரண்டாவது முறையிலேயே பிடித்துக்கொண்டார். கை நடுங்கியது எனக்குத்தான்.

ஐஸ் பொதியோடு பேனாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு எடுக்கப் போனால் காணோம். ஃப்ரீசரில் நெத்தோலி மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கல்லாகக் கிடந்தது. “நல்லா குளிரட்டும்னு வச்சேன் மக்களே.” உறைந்த மருந்தை உருக்கிப் பயன்படுத்தக் கூடாது. சில ஆயிரம் ரூபாய் குப்பைக்குப் போனது. அம்மாவைத் திட்டவும் முடியாது. ‘ஃப்ரிட்ஜில் வைக்கணும்’ என்றுதான் நான் சொன்னேன், எந்தத் தட்டில் என்று சொல்லவில்லை.

அடுத்த பேனாவுக்கு மறுபடியும் திருவனந்தபுரம் ஓட வேண்டாம் என்று மார்த்தாண்டம் மருந்துக்கடைத் தம்பி வரவழைத்துக் கொடுத்தார். பேனாவின் மேல் திறந்த தேதியை மார்க்கரில் எழுதினார். 28 நாள் ஆனதும், மருந்து மிச்சமிருந்தாலும் தூக்கி எறியச் சொன்னார். 25-ஆம் நாள் அவரே போன் பண்ணுவதாக ஏற்பாடு. பெரிய ஆஸ்பத்திரியின் ஆப்பில் நான் பதிவு செய்த நினைவூட்டல் இன்றுவரை வரவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி இரண்டு வருடத்துக்குத்தான். முடிந்ததும் சும்மா விட்டால் கட்டிய எலும்பு கரைந்துவிடும். உடனே வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்துக்கு மாற வேண்டும். அந்த மருந்து ஓடும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதால், ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப்பல்லை இப்போதே எடுத்துவிட்டோம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் மாத்திரை கொடுக்க வரும் அக்காவிடம் சொன்னதில், பிசியோதெரபி செய்பவர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். குனியாமல் ஒருக்களித்துப் புரண்டு எழும்ப அம்மாவுக்குப் பழக்கினார். கிணற்றடிப் பாசியைச் சுரண்டி, குளியலறையில் கைப்பிடி அடித்தோம். பிளம்பர் மூன்று நாள் இழுத்தடித்தார், அது வேறு கதை.

இப்போது எனக்கு மத்தியானம் இரண்டரை ஆகும்போது அங்கே இரவு எட்டு. அம்மா பேனாவை கேமராவுக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டு, ஐந்து வரை சத்தமாக எண்ணுவார். நேற்று மூன்றிலேயே நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, “மீதி மனசுக்குள்ள எண்ணினேன்” என்றார்.