கிரானி ஃபிளாட்டுக்கு கவுன்சில் அனுமதி எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். 8,600 டொலர் போய்விட்டது. நேற்றுத்தான் தெரியும்.

நாங்கள் இருப்பது சிட்னியின் மேற்குப் பக்கம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், மாடிப்படி ஏற முடியாது. பின்வளவில் 60 சதுர மீற்றருக்குள் ஒரு கிரானி ஃபிளாட், அதாவது ஒரு சின்னத் தனி வீடு, போட நினைத்தோம். காணியின் பின்பக்கம் ஓடை, வெள்ள அபாயம் உள்ள காணி என்று குறி இருக்கிறது. அதனால் கவுன்சிலுக்குப் போகாமல் தனியார் சான்றாளரிடம் அனுமதி எடுக்கும் வழி சரிவரவில்லை, கவுன்சிலுக்கு டிஏ (கட்டுவதற்கு அனுமதி கேட்கும் விண்ணப்பம்) போட வேண்டும். பிளான் கீறி டிஏவும் போட்டுத் தருகிற ஒரு சின்ன ஒஃபிஸைப் பிடித்தோம், எங்கள் ஆட்கள்தான்.

அந்த ஒஃபிஸ் அண்ணை வீட்டுக்கே வந்தார். மகன் டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்க, வளவு முழுக்க அளந்தார். பிறகு தேத்தண்ணி குடித்தபடி குசினி மேசையில் தாளை விரித்தார். அம்மா, "யன்னல் கறிவேப்பிலைப் பக்கம் இருந்தால் நல்லம் தம்பி" என்றா. உடனே பென்சிலால் அந்த இடத்தில் ஒரு யன்னல் கீறினார். "தங்கச்சி, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. அப்ரூவல் என்ரை பொறுப்பு" என்றார். அந்த யன்னலைப் பார்த்துத்தான் நான் நம்பினேன். அன்றைக்கே 4,000 அனுப்பினேன். பிறகு கவுன்சில் கட்டணம் என்று 3,200.

இரண்டு கிழமையில் 'பான்' என்று தொடங்கும் ஒரு இலக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "போட்டாச்சு தங்கச்சி." அப்புறம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கதை. கவுன்சிலில் ஆள் குறைவு. கிறிஸ்மஸ் லீவு. கவுன்சில் மேலதிக விபரம் கேட்டிருக்கிறது, வெள்ள அறிக்கைக்கு இன்னும் 1,400 வேண்டும். அதையும் கொடுத்தேன். மொத்தம் 8,600. அதற்குப் பிறகு நீலக் கோடு விழும், பதில் வராது.

நேற்று லீவு போட்டு கவுன்சில் கவுண்டருக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை விலாசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினா. எங்கள் வீட்டுக்கு டிஏ எதுவும் இல்லை. நான் வைத்திருந்தது, விண்ணப்பத்தை ஏற்றும் மாநிலத் திட்டமிடல் போர்ட்டல் என்ற இணையத்தளம் தருகிற இலக்கம் மட்டும். அதில் ஏற்றியதைப் பத்திரங்கள் குறைவு என்று கவுன்சில் அப்போதே திருப்பி அனுப்பியிருக்கிறது. கட்டணம் ஒரு சதமும் கட்டப்படவில்லை. கட்டாத விண்ணப்பத்தைப் போட்டதாகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். வெள்ள அறிக்கை யாரும் கேட்கவே இல்லை.

வெளியே வந்து அந்த அண்ணைக்குக் கோல் எடுத்தேன். மூன்றாவது தரம்தான் எடுத்தார். "ஒப்பந்தத்தை வாசியுங்கோ, விண்ணப்ப உதவி எண்டுதான் இருக்கு. அப்ரூவல் எண்டு நான் எழுதேல்லை." வைத்துவிட்டார். என் வீட்டில் தேத்தண்ணி குடித்த மனிசன்!

விளக்கமாக எழுத இப்போது மனம் இல்லை. இதையாவது செய்யுங்கள். கவுன்சில் கட்டணத்தை இடையில் நிற்கும் யாருடைய கணக்குக்கும் போடாதீர்கள், நீங்களே நேரடியாகக் கவுன்சிலுக்குக் கட்டுங்கள். கவுன்சில் இணையத்தளத்தில் டிஏ தேடும் பக்கத்தில் உங்கள் விலாசம் வருகிறதா என்று பாருங்கள். கவுன்சில் ஏதாவது கேட்டது என்றால் அந்தக் கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள். 'அப்ரூவல் நிச்சயம்' என்று வாயால் சொல்பவரிடம் முற்பணம் கொடுக்காதீர்கள், அயலவர் ஆட்சேபணையையும் பார்த்துத்தான் கவுன்சில் முடிவெடுக்கும்.

நுகர்வோர் முறைப்பாடுகளைப் பார்க்கும் மாநில அரசின் ஃபெயார் டிரேடிங்கில் முறைப்பாடு போட்டுவிட்டேன். வங்கி ரசீது, வாட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. இதே மாதிரி யாரிடமாவது பணம் கொடுத்துக் காத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்து போவோம்.