வெள்ளிக்கு எத்தனை வெள்ளி? யூபியில் ஒரு முலாம் தட்டும் பட்டறை

சிங்கப்பூரின் யூபி தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் ஆறாம் மாடி. சரக்கு மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால் அறை எண்ணைத் தேட வேண்டியதில்லை, டங் டங் சத்தமே கூட்டிக்கொண்டு போய்விடும். நான்கு மணி நேர வகுப்பு, ஆளுக்கு 160 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதிகபட்சம் ஆறு பேர். வெள்ளி முலாம் பூசிய பழைய தட்டு, கரண்டி, முள்கரண்டியை அவர்களே தருகிறார்கள். சொந்தச் சாமானோடு போனால் 20 வெள்ளி குறையும். ஒரு கரண்டியைத் தட்டி வெற்றிலையாக்கலாம், ஒரு தட்டைக் குழித்துப் பூ மிதக்கவிடும் சின்ன உருளியாக்கலாம். இரண்டையும் அன்றே வீட்டுக்கு எடுத்து வரலாம். சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதில் இந்தப் பட்டறை கெட்டி. நெருப்பு என்று வந்தால் கோட்டை விடுகிறது. இரண்டையும் விவரமாகப் பார்ப்போம்.

'வெள்ளித் தட்டைப் போய் அடித்து வீணாக்குவதா?' என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 20 செ.மீ. விட்டமுள்ள தட்டின் இரு பக்கப் பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய 630 சதுர செ.மீ. முலாம் 20 மைக்ரான் கனம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் மொத்த வெள்ளி 13 கிராம்தான். 5 மைக்ரான் என்றால் மூன்றேகால் கிராம். அடகுக்கடையில் கையால்கூட வாங்க மாட்டார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும், நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்கிறார்களே, அதேதான். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், பெயரில் மட்டும் வெள்ளி. தேக்கா கடைகளில் வாங்கும் குங்குமச் சிமிழும் துரைமார் காலத்துத் தேநீர்த் தட்டும் உள்ளுக்குள் பங்காளிகள்.

வகுப்பின் முதல் நாற்பது நிமிடம் சுத்தியலையே தொடவிடுவதில்லை. சிலருக்கு இது எரிச்சலாக இருக்கும். ஆனால் கொடுக்கும் காசில் பாதி இதற்கே தகும். முப்பது நாற்பது பழைய சாமான்களை மேசையில் கொட்டி, எதை அடிக்கலாம், எதை அடிக்கக் கூடாது என்று பிரிக்கச் சொல்கிறார் பயிற்றுநர். முதலில் பின்பக்க முத்திரை. இ.பி.என்.எஸ். என்றிருந்தால் ஜெர்மன் சில்வர்மேல் மின்முலாம், வேலைக்கு நல்லது. இ.பி.பி.எம். என்றிருந்தால் அடியில் பிரிட்டானியா உலோகம். அது முக்கால்வாசிக்கும் மேல் வெள்ளீயம், கூட ஆன்டிமனியும் கொஞ்சம் செம்பும். 250 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும், எரிவாயு டார்ச்சின் தீயைக் காட்டினால் கண்ணெதிரே குட்டையாகத் தேங்கி நிற்கும். 925 என்றிருந்தால் அது அசல் வெள்ளி, பேசாமல் பையில் திருப்பி வைத்துவிடுங்கள்.

முத்திரை தேய்ந்த சாமானுக்கு ஓசைதான் சாட்சி. விரல் நுனியில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினால் ஜெர்மன் சில்வர் மணிபோல இழுத்து ஒலிக்கும், பிரிட்டானியா 'தொப்' என்று அடங்கிவிடும். காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு, ஒதுக்குங்கள். தேய்ந்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அடி உலோகம் செம்பு. அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர உற்பத்தியாளர் எல்கிங்டன் மின்முலாமுக்குக் காப்புரிமை வாங்குவதற்கு முன்பு, செம்புத் தகட்டோடு வெள்ளித் தகட்டைச் சூட்டில் ஒட்டி உருட்டிச் செய்த ஷெஃபீல்டு தட்டுகள் புழங்கின. செம்பு தெரியாமலிருக்க அவற்றின் விளிம்பில் வெள்ளியை மடித்துவிட்டிருப்பார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் அது பழம்பொருள், சுத்தியலுக்குக் கொடுப்பது பாவம். பயிற்றுநர் இதைச் சொல்லி ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைத்தபோதே அவர்மேல் மரியாதை கூடிவிட்டது.

பிரிக்கும்போது மூன்று சாமான்களை அறவே தள்ளிவிடுகிறார்கள். ஒன்று, கத்தி. பிடி உள்ளே பொள்ளல், தார்க்கீல் மாதிரி ஒன்றை நிரப்பியிருப்பார்கள், சூடு பட்டால் வெடித்துச் சிதறும். இரண்டாவது, அடிப்பாகம் கனக்கும் மெழுகுவர்த்தித் தண்டு. அதிலும் இதே கதைதான், உள்ளே கீலோ பிளாஸ்டரோ இருக்கும். மூன்றாவது, கால் வைத்து ஈயப் பற்று போட்ட தட்டு. காலைக் கழற்றலாம், ஆனால் ஒட்டியிருக்கும் ஈயத்தைக் கடைசித் துளிவரை சுரண்டியாக வேண்டும். மிச்சம் இருந்தால், இறுகிய உலோகத்தை இளக்க நெருப்பில் காய்ச்சும்போது ஈயம் உலோகத்துக்குள் இறங்கி அரித்து ஓட்டை போட்டுவிடும்.

இனி வெற்றிலை. பார்க்கச் சுலபம், செய்தால் கை நடுங்கும். சாப்பாட்டுக் கரண்டியின் கிண்ணத்தைத் தட்டையாக்குவதுதான் முதல் வேலை. புதிதாக வருகிற எல்லோரும் கிண்ணத்தைக் கவிழ்த்து நடு முதுகில் ஓங்கி ஒன்று போடுவார்கள். குழி மறுபக்கம் புடைத்துக்கொள்ளும், ஓரத்தில் மடிப்பு விழும், அந்த மடிப்பு பிறகு எந்த அடிக்கும் போகாது. குழிந்த பரப்பில் தட்டைப் பரப்பைவிட உலோகம் அதிகம். அந்த மிச்சம் எங்கேயாவது போயாக வேண்டுமே. அதனால் ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். கவிழ்த்த கரண்டியை மரக்கட்டைமேல் வைத்து, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும். முக்கால்வாசி படிந்த பிறகுதான் எஃகுப் பட்டடையும் எஃகுச் சுத்தியலும். எஃகுக்கு நடுவே நசுங்கி விளிம்பு மெலிந்து நீளும்போது, நடுவில் மிச்சமிருந்த புடைப்பு தானாகவே உட்காரும்.

அடியின் ஓசையைக் கேட்கச் சொல்லிக்கொடுப்பதைத் தனியாகப் பாராட்ட வேண்டும். உலோகம் இளக்கமாக இருக்கும்வரை அடி மந்தமாக விழும். இறுகிப்போனால் ஓசை கூர்மையாகும், சுத்தியல் கையில் துள்ளும். அதற்குப் பிறகும் அடித்தால் விளிம்பில் மயிரிழை விரிசல். கரண்டியைப் பொறுத்தவரை அந்த இடத்தில் நிறுத்திவிட்டாலே போதும், வெற்றிலைக்கு அவ்வளவு அடி தேவைப்படாது.

நரம்பு இழுக்க அரக்குக் கிண்ணத்தில் கரண்டியைப் பதித்து, மழுங்கிய உளியால் நடுநரம்பை முதலிலும் கிளைகளைப் பிறகும் இழுக்கிறார்கள். மழுங்கிய உளி என்பதுதான் சூட்சுமம். கூர் உளி வெட்டும், வெட்டினால் முலாம் கிழிந்து கோடு மஞ்சளாகத் தெரியும். மழுங்கிய முனை உலோகத்தைத் தள்ளும், முலாமும் கூடவே வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். முலாம் சுத்தியலுக்கு அஞ்சாது, அரத்துக்கும் உப்புத்தாளுக்கும்தான் அஞ்சும். இலை நுனியைக் கூராக்க அரம் போட்ட இடத்தில் அடி உலோகம் வெளியே வந்தே தீரும். அதை ஒளிக்கப் பேனாவில் வரும் வெள்ளிப் பூச்சுத் திரவம் வைத்திருக்கிறார்கள். அது நிலைக்காது. விளிம்பை வழவழப்பான எஃகுத் தேய்ப்பானால் அழுத்தி வழித்து அப்படியே விட்டுவிடுவதே மேல். மஞ்சள் விளிம்பு இலைக்கு அழகாகத்தான் இருக்கிறது. நரம்புக்குக் கருமை ஏற்ற அவித்த முட்டையை நசுக்கி, இலையோடு சேர்த்து ஜிப் பையில் போட்டு மூடிவிடுகிறார்கள். அரைமணி நேரத்தில் கந்தகம் வேலையைக் காட்டிவிடுகிறது. செலவு ஒரு முட்டை.

உருளியில்தான் சிக்கல். 20 செ.மீ. தட்டு, ஒரு மில்லிமீட்டர் கனம். மணல் அடைத்த தோல் பைமேல் தட்டைச் சாய்த்துப் பிடித்து, உருண்டை முகச் சுத்தியலால் வெளி வட்டத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருளாக அடித்துக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியின் மூன்றிலொரு பங்கின்மேல் ஏறி விழ வேண்டும். விட்டுவிட்டு அடித்தால் குண்டும் குழியும்தான், அம்மைத் தழும்பு மாதிரி. ஒரு சுற்றில் சில மில்லிமீட்டர் இறங்கும், கூடவே விளிம்பு அப்பளம்போல அலை அலையாக நெளியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தட்டையான பலகையில் கவிழ்த்து, அலையைக் கொட்டாப்புளியால் படிய வைத்த பிறகே அடுத்த சுற்று. அலையை வளரவிட்டால் அது மடிப்பாகிவிடும்.

காய்ச்சாமல் போனால் இரண்டு செ.மீ. ஆழத்தோடு திருப்திப்பட வேண்டும். பூ மிதக்க அது தாராளம். பட்டறையோ மூன்று, நான்கு செ.மீ. ஆழம் என்று ஆசைகாட்டி, நடுவில் ஒருமுறை டார்ச்சால் காய்ச்சி இளக்குகிறது. கோட்டை விடுவது இங்கேதான். வெள்ளி தனியாக உருக 962 டிகிரி வேண்டும். ஆனால் வெள்ளியும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் 779 டிகிரியே போதும், இரண்டும் சேர்ந்து உருகிவிடும். அதற்குக் கீழேயும் சூடு நீடிக்க நீடிக்க வெள்ளி அடி உலோகத்துக்குள் ஊறிக்கொண்டே போகும். மெல்லிய முலாமுக்கு அதுவே எமன். எனவே மங்கிய சிவப்பு எட்டிப் பார்த்ததுமே டார்ச்சை விலக்க வேண்டும். அந்தச் சிவப்பு அரையிருட்டில்தான் கண்ணில் படும். இங்கே தலைக்குமேல் நான்கு வெள்ளை விளக்குகள் எரிகின்றன. வெளிச்சத்தில் சிவப்பு தெரிகிறது என்றால் சூடு எப்போதோ எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆறு தட்டில் இரண்டு, நடுவில் சாம்பல் திட்டோடு வெளிவந்தன. அந்தத் திட்டில் வெள்ளி இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் மின்னாது. டார்ச் மேசைக்கு மேலே உள்ள ஒரே ஒரு விளக்கை அணைத்தால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது.

இன்னொரு தவறு, சூட்டோடு சூடாகத் தண்ணீரில் முக்குவது. செம்புக்கு அது சரி. ஜெர்மன் சில்வரைச் சிவப்பு அடங்கும்வரை காற்றில் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஒரு தட்டு 'டிக்' என்று சத்தம் போட்டு விளிம்பில் இரண்டு செ.மீ. பிளந்தது. 'பழைய தட்டு, அப்படித்தான்' என்று மாற்றுத் தட்டு கொடுத்தார்கள். கொடுத்தது நல்லது, சொன்ன காரணம் தவறு. காய்ச்சிய பிறகு போடும் சிட்ரிக் அமிலக் கரைசலில் இரும்புக் குறடு விடக் கூடாது என்பதை மட்டும் கறாராகப் பார்த்துக்கொள்கிறார்கள். இரும்பு பட்டால் கரைசலில் இருக்கும் செம்பு சாமான்மேல் படிந்து, எல்லாம் ரோஸ் நிறமாகிவிடும்.

கடைசிக் கட்டம் மெருகுத் தட்டு. உருண்டை முகப் பட்டடைமேல் உருளியைக் கவிழ்த்து, கண்ணாடிபோல மெருகேற்றிய சுத்தியலால் லேசாக, மணிக்கட்டு அசைவில் மட்டும் தட்டுவது. சுத்தியல் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் ஆயிரம் அடியிலும் ஆயிரம் தடவை பதியும். இங்கே சுத்தியல்களைத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள், எடுத்துக் கொடுக்கும் முன் முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார்கள். இந்த ஒரு ஒழுங்குக்காகவே திரும்பப் போகலாம்.

முடித்த சாமானுக்கு லாக்கர் என்னும் கண்ணாடிப் பூச்சு அடித்துத் தருகிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் லாக்கரில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் போதும், அடியில் கறுப்பு வேர்விட்டுப் பரவும், பிறகு மொத்தத்தையும் கரைத்து எடுக்க வேண்டும். மெழுகு பூசிக் கேட்டால் மறுக்காமல் பூசித் தருகிறார்கள். வீட்டில் இதைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைக்கவும் கூடாது. இரண்டிலும் கந்தகம்தான் எதிரி. அசல் வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்கும் பழக்கத்தை இதில் காட்டினால் நாலு தீபாவளியில் முலாம் காலி. புளியும் பித்தளை துலக்கும் தூளும் பேச்சுக்கே இடமில்லை. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, சாமான் அதைத் தொடும்படி வைத்து, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினால் கறுப்பு கழன்றுவிடும், வெள்ளி தேயாது. ஆனால் வெற்றிலையை அதில் போட்டால் நரம்புக் கருமையும் சேர்ந்தே போய்விடும், மறுபடி முட்டை அவிக்க வேண்டியதுதான்.

இதையே வீட்டில் செய்யலாமே என்றால், கொட்டாப்புளி வேலைவரை வீவக அடுக்குமாடி வீட்டில் தாங்கும். பட்டடைமேல் எஃகு விழ ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்துவிடுவார்.

சொந்தச் சாமான் கொண்டுபோவதே லாபம், 20 வெள்ளிக் கழிவுக்காக மட்டும் இல்லை. பட்டறை தரும் தட்டுகளில் பாதி ஏற்கெனவே முலாம் தேய்ந்தவை. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடிய பிறகு இந்த மாதிரிச் சாமான்கள் நன்கொடைக் கடைகளிலும் கரோசெல் இணையச் சந்தையிலும்தான் கண்ணில் படுகின்றன. வேலைப்பாடு இல்லாத, தட்டையான, கால் இல்லாத வட்டத் தட்டாகப் பாருங்கள். நடுவில் செதுக்குப் பூ இருந்தால் சுத்தியல் தடம் அதன்மேல் ஏறி அசிங்கமாகிவிடும். வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தம் இருக்கட்டும். காய்ச்சும் நேரம் வந்தால், 'என் தட்டுக்கு நெருப்பு வேண்டாம், இரண்டு செ.மீ. ஆழமே போதும்' என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்கிறார்கள்.